எந்த அலமாரி உங்கள் அலமாரி?

நூலகத்துக்குள் நுழையும் ஒருவரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அவர் எல்லா அலமாரிகளையும் சுற்றி வருவதில்லை. நேராக ஓர் அலமாரிக்குத்தான் போவார். சரித்திர நாவல் படிப்பவர் துப்பறியும் நாவல் பக்கம் திரும்புவதே இல்லை. குடும்ப நாவல் எடுக்க வரும் அம்மையாருக்கு விஞ்ஞானக் கதைகள் எந்த மூலையில் இருக்கின்றன என்று தெரியாது. காபிதான் வேண்டும், டீ வேண்டாம் என்பதில் உள்ள பிடிவாதம் புத்தகத்திலும் இருக்கிறது.

இந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு வகை நூலும் வாசகருக்கு எதைத் தருகிறது? இந்தக் கேள்விக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. நம் சங்க நூலகத்தில் இடம் போதவில்லை. பழைய மாத நாவல்களையும், வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு தொகுதிகளையும் எடைக்குப் போட்டுவிட்டு, 'தரமான இலக்கியம்' மட்டும் வைத்துக் கொள்ளலாம் என்று சில அன்பர்கள் கருதுகிறார்கள். கபாடிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம் என்பது என் எண்ணம்.

நான் இலக்கிய விமர்சகன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பைப் பார்த்துக் கொண்டிருந்தவன். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது பழகிப்போன தொழில். புத்தகத்தையும் அப்படியே பார்க்கிறேன்.

'தொடரும்' போட்ட விதை

தமிழ் நாவலுக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுதான். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சாயிற்று. அடுத்து வந்த ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-இல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராகத் தொடங்கியது. ஆக, தமிழ் நாவல் நடை பழகும்போதே பத்திரிகையின் விரலைப் பிடித்துக் கொண்டுவிட்டது.

பின்னால் ஆனந்த விகடன், கல்கி, கலைமகள், குமுதம் என்று பத்திரிகைகள் பெருகின. ஒரே இதழை வீட்டில் தாத்தா முதல் பேத்தி வரை எல்லோரும் படிக்க வேண்டும். அதனால் ஒரு சரித்திரத் தொடர், ஒரு குடும்பத் தொடர், ஒரு மர்மத் தொடர், கொஞ்சம் நகைச்சுவை என்று பந்தி பரிமாறுவது போல் வைத்தார்கள். அவரவர் தமக்குப் பிடித்ததை முதலில் புரட்டினார்கள். நம்மில் பலருடைய ரசனை பிரிந்த இடம் அதுதான்.

சரித்திர நாவல்: தெரிந்த ஊரில் தெரியாத காலம்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, சுமார் மூன்றரை ஆண்டுகள் தொடராக வந்தது. ஐந்து பாகங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை முதல் தடவையாக எடுத்துச் செல்லும் வாசகர்கள் இருக்கிறார்கள். காரணம் என்ன?

கதையை அரண்மனையில் தொடங்காமல், ஆடிப் பதினெட்டு அன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரை மேல் வரும் ஒரு வாலிபனிடம் தொடங்கினார் கல்கி. வந்தியத்தேவனுக்கு நாடு கிடையாது. ஓலை கொண்டு போகும் தூதன். சோழ நாட்டு அரசியல் அவனுக்கும் புதிது, நமக்கும் புதிது. அவன் ஒட்டுக் கேட்கும்போது நாமும் கேட்கிறோம். அரண்மனைக்குள் நம்மை அழைத்துப் போக நம்மைப் போன்ற ஒருவன் கிடைத்துவிட்டான். இது முதல் காரணம்.

இரண்டாவது, ஊர்கள் நிஜம். வீராணம் ஏரி இன்றும் இருக்கிறது. சென்னைக்கே குடிநீர் தருகிறது. பழையாறை, தஞ்சை, கோடிக்கரை, நாகப்பட்டினம் எல்லாம் நாம் பஸ்ஸில் போய் வந்த ஊர்கள். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய கல்வெட்டு காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயிலில் உள்ளது. குந்தவை சரித்திரம், நந்தினி கற்பனை; வந்தியத்தேவன் சரித்திரம், ஆழ்வார்க்கடியான் கற்பனை. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று வாசகர்கள் வாதாடுவதே ஒரு தனிச் சுகம்.

சாண்டில்யனின் 'கடல் புறா', 'யவன ராணி' போன்றவை கடலையும் போரையும் காதலையும் கொண்டு இதே ஆசையை வேறு வழியில் நிறைவேற்றின. டில்லியில் இருப்பவருக்கு இவற்றில் ஒரு கூடுதல் லாபம். ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் லீவில் ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே, காவிரிக் கரையில் பத்துப் பக்கம் நடந்துவிட்டு வரலாம்.

துப்பறியும் நாவல்: விளைவிலிருந்து காரணத்துக்கு

பெரியவர்கள் அதிகம் திட்டிய வகை இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இதை வளர்த்தார்கள். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968-இல் குமுதத்தில் வந்தது. அவருடைய வக்கீல்கள் கணேஷும் வசந்த்தும் வாசகர்களின் வீட்டு மனிதர்கள் ஆனார்கள். 1980-களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் இரயில் நிலையக் கடைகளில் அடுக்கடுக்காகத் தொங்கின.

இரயிலுக்கும் இந்த வகைக்கும் உறவு பழையது. 1877-இல் அலகாபாத்தில் தொடங்கிய வீலர் கம்பெனி வடக்கேயும், 1844-இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் தெற்கேயும் பிளாட்பாரத்தில் புத்தகம் விற்றன. கிப்ளிங்கின் ஆரம்பக் கதைகளே 1888-இல் வீலரின் இரயில்வே நூல் வரிசையில் வந்தவைதாம். பயணிக்கு வேண்டியது ஒரு பயணத்துக்குள் முடிகிற கதை. எழும்பூரில் வாங்கிய மாத நாவல் திருச்சி வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் அளவு மட்டும் காரணம் அல்ல. ஒரு வண்டி தடம் புரண்டால் விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய தடம் எங்கே என்று முதலில் தேடுவோம். அங்கிருந்து பின்னோக்கி ஸ்லீப்பர் ஸ்லீப்பராக, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி எவ்வளவு, உயர வித்தியாசம் எவ்வளவு என்று அளந்து எழுதுவோம். சக்கரத்தின் தேய்மானம், வண்டியின் வேகம் எல்லாம் பட்டியலில் வரும். நடந்து முடிந்ததிலிருந்து ஏன் நடந்தது என்பதற்குப் பின்னால் நடக்க வேண்டும். துப்பறியும் நாவல் வாசகருக்குத் தருவது இந்த வேலையைத்தான். அழுக்கான செருப்பு, நின்றுபோன கடிகாரம், பொருந்தாத ஒரு பதில் என்று எல்லா அளவுகளும் அவர் கண்முன் வைக்கப்படுகின்றன. ஆசிரியர் சொல்வதற்குள் தாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் போட்டி போடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. அன்றாட வாழ்க்கையில் எந்தக் கணக்கும் முழுதாகத் தீர்வதில்லை. அலுவலகத்தில் ஒரு ஃபைல் மூடினால் இரண்டு திறக்கும். கடைசிப் பக்கத்தில் எல்லாக் கணக்கும் நேராகும் ஒரு புத்தகம், நாள் முழுதும் உழைத்தவருக்கு நல்ல தூக்கம் தரும்.

இந்த விதிகளை நன்றாக அறிந்தவர்களுக்காகவே தேவன் 'துப்பறியும் சாம்பு'வைப் படைத்தார். அசட்டுத்தனமே உருவான வங்கிக் குமாஸ்தா, அதிர்ஷ்டத்தால் பெரிய துப்பறிவாளர் ஆகிறார். துப்பறியும் கதை படித்தவர்கள்தாம் சாம்புவைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்க முடியும். ஒரு வகையின் மேல் ஏறி நின்றுதான் இன்னொரு வகை கண்ணுக்குத் தெரிகிறது.

குடும்ப நாவல்: பேச்சுத் துணை

லட்சுமி, அநுத்தமா, சிவசங்கரி, ரமணிசந்திரன் என்று இந்த அலமாரி நீளமானது. லட்சுமி தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்த டாக்டர். அங்குள்ள வாழ்க்கையையும் எழுதினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார்.

"முடிவு முதலிலேயே தெரிகிறதே, பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?" என்று ஆண்கள் கேலி செய்வார்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டுவார்கள் என்பதும் முன்னமே தெரியும். அதற்காக யாரும் போகாமல் இருப்பதில்லை. போகிற வழியில் யார் என்ன பேசினார்கள், யார் முகம் சுளித்தார்கள், யார் விட்டுக் கொடுத்தார்கள் என்பதில்தான் சுவை.

கல்யாணமாகி இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் டில்லிக்கு வந்த பெண்களை நம் குடியிருப்புகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! கணவர் ஆபீஸ் போனபின் பகல் முழுதும் பேச ஆள் கிடையாது. மாமியார், நாத்தனார், சம்பளக் கவர், அடகு வைத்த வளையல் என்று அவர்களுக்குத் தெரிந்த உலகத்தை, அவர்கள் பேச்சிலேயே பேசியவை இந்த நாவல்கள். ஊரிலிருந்து கடிதம் வர ஒரு வாரம் ஆன காலத்தில் இவை பேச்சுத் துணையாக இருந்தன. இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுவது நியாயமாகப் படவில்லை.

விஞ்ஞானக் கதை

இந்த அலமாரி சிறியது; பெரும்பகுதி சுஜாதா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் மனிதரைவிடப் புத்திசாலியாகப் பேசுகிறது. டிப்ளமோ வகுப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த எங்களுக்கு, கம்ப்யூட்டரையும் ரோபோவையும் சாதாரணத் தமிழில் விளையாட்டாகச் சொல்ல முடியும் என்பதே பெரிய அதிசயமாக இருந்தது.

நம் டில்லியின் கதைகள்

இலக்கிய அலமாரியில் நமக்குச் சொந்தமான ஒரு தட்டு இருக்கிறது. தி. ஜானகிராமன் இங்கே வானொலியில் பணியாற்றினார். இந்திரா பார்த்தசாரதி இங்கே கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்தார். ஆதவனின் 'காகித மலர்கள்' டில்லியில் வாழும் ஓர் அரசு அதிகாரியின் தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. நாகரிகப் போர்வைக்குள் அவர்கள் படும் பாட்டைப் படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நம்மை யாரோ பார்த்துவிட்டார்கள் என்ற கூச்சம் அது. இந்த வகையின் சுவை அதில்தான். இதற்கு வாசகர்கள் குறைவு; ஆனால் ஒரே நூலை மூன்றாம் முறை எடுத்துப் போகிறவர்கள் அவர்களே.

ஒரு செய்தியை இங்கே நினைவூட்ட வேண்டும். சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற கல்கியின் 'அலை ஓசை' டில்லியையும் தேசப் பிரிவினையையும் காட்டும் நாவல். அதுவும் வாரப் பத்திரிகையில் 'தொடரும்' போட்டு வந்த தொடர்கதைதான். இலக்கியத்துக்கும் தொடர்கதைக்கும் நடுவில் நாம் போட நினைக்கும் சுவர் எங்கே நிற்கும்?

பிள்ளைகளின் அலமாரி

உண்மையான கவலை இங்கேதான். நம் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு ஒரு பக்கம் படிப்பதே மலை ஏறுவது போல. அந்தச் சிரமத்தைப் பொறுக்க வைப்பது ஒன்றே ஒன்றுதான்: அடுத்து என்ன ஆகும் என்ற ஆவல். நீதி நூலைக் கையில் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைக் கொடுத்தால், பாதி கதையைப் படம் சொல்லிவிடும். மீதிக்காக எழுத்தைத் தேடுவார்கள்.

2022-இலும் 2023-இலும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் இரண்டு பாகங்களாக வந்தபோது, தமிழ் படிக்கத் தெரியாத இளைஞர்கள் பலர், கதையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டார்கள். சில வீடுகளில் தாத்தாக்கள் இரவில் வாசித்துக் காட்டினார்கள். ஆவல் வந்துவிட்டால் மொழி பின்னால் வரும். எடைக்குப் போடலாம் என்கிறோமே, அந்த நூல்கள்தாம் ஆவலை மூட்டும் நூல்கள்.

என்ன செய்யலாம்?

நூலகக் குழுவுக்கு நான்கு யோசனைகள்.

ஒன்று: பட்டியல் எடுக்காமல் எதையும் வெளியேற்ற வேண்டாம். பைண்டு தொகுதிகளில் 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த ஓவியங்களும், 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு வரைந்தவையும், சாண்டில்யனுக்கு லதா வரைந்தவையும் வந்த பக்கத்திலேயே இருக்கின்றன. பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் அவை இல்லை. ஒரே நூலின் மூன்று நான்கு பிரதிகள் இருந்தால் அதிகமானவற்றைக் கொடுத்துவிடலாம்; இடம் அப்படியே கிடைக்கும்.

இரண்டு: ஆசிரியர் பெயர் அகர வரிசையில் அடுக்காமல், வகை வாரியாகப் பெரிய எழுத்தில் பலகை போட்டு அடுக்கலாம். புதிதாக வருபவர் தமக்கு வேண்டியதை உடனே கண்டுகொள்வார்.

மூன்று: கீழ்த் தட்டு முழுவதையும் காமிக்ஸுக்கும் சிறு மர்மக் கதைகளுக்கும் விட்டுவிடலாம். பிள்ளைகளின் கை எட்டும் உயரம் அதுதான்.

நான்கு: ஒவ்வொரு நூலின் கடைசி அட்டைக்குள்ளும் ஒரு தாள் ஒட்டலாம். படித்தவர் ஏன் பிடித்தது என்று ஒரே ஒரு வரி எழுதட்டும். அடுத்து எடுப்பவருக்கு அதைவிட நல்ல முன்னுரை வேண்டியதில்லை.

புத்தகம் எடுக்க வருபவரிடம் "இதையா படிக்கிறீர்கள்?" என்று கேட்கும் வழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். "இதில் உங்களுக்கு என்ன பிடித்தது?" என்று கேட்டால் அவர் உட்கார்ந்து பேசுவார், மறுவாரமும் வருவார். அன்பர்கள் தங்கள் அலமாரி எது, ஏன் என்று இந்த இதழுக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். நூலகக் குழு கூடும்போது, எடைத் தராசுக்கு முன்னால் அந்தக் கார்டுகளை வைக்கலாம்.