பனிமலையில் பாதம் காப்போம்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குப் பாதத்தைப் பற்றிய கவலை, கோடையில் சுடும் தார்ச்சாலையோடும் பித்தவெடிப்போடும் முடிந்துவிடுகிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் குளிர் உண்டு; பனிப்பாறை இல்லை. ஆயினும் நம் பிள்ளைகள் இன்று இமயமலையேற்றத்திற்குப் புறப்படுகின்றனர். வெயில் கொளுத்தும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியையே அடைந்தார். வழியனுப்பும் பெற்றோர் கம்பளிச் சட்டையைத் தேடி வாங்குகின்றனர், பாதத்தை மறந்துவிடுகின்றனர்.

1950 ஜூன் 3 அன்று, 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா சிகரத்தை முதன்முதலாக எட்டிய பிரெஞ்சு வீரர்கள் ஹெர்சாக், லாஷெனால் இருவரும், குளிர்க்கடியால் தம் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தனர். வெற்றிக்கு அவர்கள் கொடுத்த விலை அது!

கடுங்குளிரில் உடல், உள்ளுறுப்புகளைக் காக்கும்பொருட்டுக் கைகால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது பாதம் நனைந்திருந்தால் ஆபத்து பன்மடங்காகும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வெளியிலிருந்து வரும் பனிநீர் மட்டுமன்று, உள்ளே சுரக்கும் வியர்வையும் பகையே.

ஆகவே பருத்திக் காலுறை வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பளிக் காலுறையே ஏற்றது. இரண்டு மூன்றைத் திணித்துக் காலணியை இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபடும். விரல்கள் அசைய இடம் வேண்டும். உறங்குவதற்கென்றே உலர்ந்த காலுறை ஒன்றைத் தனியே வைத்திருத்தல் நன்று.

தொழுகையாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உளூச் செய்து கால் கழுவியபின், விரல் இடுக்குகளை நன்கு துடைத்த பிறகே காலுறை அணிய வேண்டும். தோலுறையின் மீது மஸ்ஹு செய்யப் பயணிக்கு மூன்று நாட்கள் அனுமதி உண்டு. குளிர் நாட்டில் அது பேருதவி. ஆனால், ஈரமான காலுறையைக் கழற்றாதிருக்க அதனைக் காரணமாக்கலாகாது.

விரல் மரத்துப்போனால் "சரியாகிவிடும்" என்று நடவாதீர்கள். அதுவே முதல் எச்சரிக்கை. பனியால் தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் தீங்கு. உணர்வற்ற தோல் வெந்துபோவது தெரியாது. மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்தில், 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அமிழ்த்தி, மருத்துவரிடம் விரைய வேண்டும். நீரிழிவுள்ளோர் புறப்படுமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்க.

சிகரம் எங்கும் போய்விடாது; இழந்த விரல் திரும்பி வராது. இறைவன் அளித்த பாதம் ஓர் அமானிதம். பிள்ளையின் பயணப் பையில் இன்னும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறைகளை வைத்து அனுப்புங்கள்.