ஒரு காலத்தில் இரும்பு உருக்கிய பரங்கிப்பேட்டை! இங்கிலாந்து வரை போன சரக்கு. விறகு இல்லாமல் படுத்துப்போன ஆலை

பரங்கிப்பேட்டை:

கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டை என்றாலே மீனும் கடலும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த சின்ன ஊரில் ஒரு காலத்தில் இரும்பு உருக்காலை இரவு பகலாக எரிந்தது. ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை இரும்பு உருக்க தொடங்கியது 1911-ல். அதற்கு சுமார் 80 ஆண்டுக்கு முன்பே இங்கே உலை மூட்டி விட்டார்கள். இது பற்றிய விவரம் வருமாறு:-

வேலையை உதறிய வெள்ளைக்காரர்

கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் வேலை பார்த்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலம் பக்கத்து கிராமங்களில் மண் உலை, துருத்தி வைத்தே நல்ல இரும்பும் எக்கும் எடுப்பதை பார்த்து அசந்து போனார். வேலையை உதறிவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆலையை தொடங்கினார்.

இரும்புக்கல் வந்தது சேலம் மலைகளில் இருந்து. கசடு பிரிக்க சுண்ணாம்பு சத்து வேண்டும். அதற்கு கடற்கரை கிளிஞ்சலையே போட்டனர். துறைமுகம் பக்கத்திலேயே இருந்ததால் வார்த்த இரும்பு கப்பல் ஏறி இங்கிலாந்து போனது. 1850-ல் திறந்த பிரிட்டானியா ரெயில் பாலத்துக்கும் இந்த இரும்பு பயன்பட்டதாக சொல்லப்படுகிறது.

காட்டை தின்ற உலை

அப்புறம் ஏன் மூடினார்கள்? காரணம் அடுப்புக்கரி. கல்லில் இருந்து இரும்பை பிரிக்க கரி வேண்டும். இங்கிலாந்தில் நிலக்கரி இருந்தது. இங்கோ மரத்தை வெட்டி எரித்த கரிதான். உலை பெருசு, பசியும் பெருசு. பக்கத்து காடுகள் கரைய கரைய, விறகு தூரத்தில் இருந்து வரவேண்டியதாயிற்று. கல்லும் ஏறக்குறைய 200 கிலோ மீட்டர் தாண்டி வந்தது. செலவு எகிறியது. இங்கிலாந்து இரும்போ மலிவாக இறங்கியது.

1853-ல் வேறு கம்பெனி கைக்கு மாறியும் நிமிரவில்லை. 1860-களில் உலை அணைந்தது.

ஹீத் கதையும் சோகம்தான். மாங்கனீசு சேர்த்து எக்கு செய்யும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டு முதலாளிகள் முறையை கொஞ்சம் மாற்றிக்கொண்டு, பணம் தராமல் சம்பாதித்தனர். கோர்ட்டு படி ஏறி இறங்கியே நொடித்துப்போன அவர் 1851-ல் இறந்தார்.

கல் இருந்தது, ஆறு இருந்தது, துறைமுகம் இருந்தது, உழைக்க ஆளும் இருந்தது. எரிக்க விறகு இல்லை. அதோடு ஆலையும் போச்சு, அதை நம்பி இருந்தவர்கள் பிழைப்பும் போச்சு.