கடையில் இல்லாத சாமான் கூடைக்குள் எப்படி வந்தது?

கடைக்கு நேரில் வரும் வாடிக்கையாளர் கேட்ட சாமான் இல்லாவிட்டால், நம்மவர்கள் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு அவரை அனுப்பிவிடுவதில்லை. "அந்தக் கலர் முடிஞ்சிட்டு, இதைப் பாருங்க" என்பார்கள். "வியாழக்கிழமை சாமான் இறங்குது, நம்பரைத் தந்திட்டுப் போங்க" என்பார்கள். புறக்கோட்டையில் இரண்டு பெருநாள் சீசன் வேலை செய்த எந்தப் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அதே கடை இணையத்தில் ஏறியதும் இந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கோ போய்விடுகிறது.

நடப்பது இதுதான். ஒருவர் இரவு பத்து மணிக்கு உங்கள் இணையத்தளத்தில் ஓர் அபாயாவைத் தெரிவு செய்கிறார். அளவு, நிறம் எல்லாம் காட்டுகிறது. கூடையில் போடுகிறார், வங்கி அட்டையால் பணம் செலுத்துகிறார், "உங்கள் ஓடர் கிடைத்தது, நன்றி" என்ற செய்தியும் வருகிறது. மூன்றாம் நாள் கடையிலிருந்து தொலைபேசி: "சொறி, அது ஸ்டொக் இல்லை. வேற கலர் அனுப்பட்டுமா?" இங்கே பணம் ஏற்கனவே கைமாறிவிட்டது. மேசையில் நிற்கும்போது பணத்தை வாங்குவதற்கு முன் "இல்லை" என்கிறோம். இணையத்தில் வாங்கிய பின் சொல்கிறோம். வாடிக்கையாளரின் கோபம் சாமான் இல்லாததனால் அல்ல, இந்த முன்பின் மாறாட்டத்தினால் வருவது.

சாமான் இல்லை என்பதற்காக எல்லோரும் ஓடிவிடுவதில்லை. குருயென், கோர்ஸ்டன், பரத்வாஜ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பல நாடுகளின் சில்லறைக் கடைகளைப் பற்றி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. தேடிய பொருள் தட்டில் இல்லாதபோது 100 பேரில் 31 பேர் வேறு கடைக்குப் போனார்கள். 45 பேர் அதே கடையில் வேறு பிராண்டையோ, அதே பிராண்டின் இன்னொரு வகையையோ எடுத்தார்கள். 15 பேர் பிறகு வாங்கலாம் என்று பொறுத்தார்கள். 9 பேர் வாங்கும் எண்ணத்தையே விட்டார்கள். அதாவது, நூற்றுக்கு அறுபது பேர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அவர்கள் வெற்றுத் தட்டைத் தாங்களே கண்ணால் கண்டவர்கள், பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அல்லர். இணையத்திலோ அடுத்த கடை ஒரு விரல் அசைவு தூரத்தில் இருக்கிறது.

இல்லாத சாமான் திரையில் இருப்பதாக எப்படிக் காட்டுகிறது? நம் கடைகளைப் பொறுத்தவரை முதற் காரணம், ஒரே கையிருப்புக்கு இரண்டு வாசல்கள் இருப்பது. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் வந்தபோது பலர் அவசர அவசரமாக வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஓடர் எடுக்கத் தொடங்கி, பிறகு இணையத்தளமும் போட்டார்கள். தளம் வந்தது; கணக்கு ஒன்றாகவில்லை. தட்டில் மூன்று சட்டைகள் இருக்கின்றன, தளத்திலும் 3 என்றே இருக்கிறது. பகலில் மேசையில் இரண்டு போய்விட்டன. பில் புத்தகத்தில் எழுதினார்கள், தளத்தில் குறைக்கவில்லை. இரவு மூன்று பேர் ஓடர் கொடுக்கிறார்கள். இதில் கணினியின் பிழை எதுவுமில்லை, அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்குச் சரியான வைத்தியம், மேசையில் பில் போடும் மென்பொருளும் தளமும் ஒரே கையிருப்புக் கணக்கைப் பார்க்கும்படி இணைப்பது. அதற்குச் செலவு உண்டு. முடியாதவர்களுக்கு நான் சொல்லும் வழி பழைய காலத்து வழிதான்: இணையத்துக்கென்று ஒரு தட்டைத் தனியே ஒதுக்குங்கள். பன்னிரண்டு வந்தால் நான்கை அங்கே வையுங்கள், தளத்தில் 4 என்று மட்டும் போடுங்கள். மேசைக்கு அவசரம் என்று அந்தத் தட்டில் கை வைக்க வேண்டியிருந்தால், முதலில் தளத்தில் குறைத்துவிட்டு எடுக்கட்டும். இரவில் கடை பூட்டுமுன் ஒருவர் அந்தத் தட்டை மட்டும் எண்ணிப் பார்ப்பதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.

இரண்டாவது காரணம் அளவும் நிறமும். வூகொமர்ஸ் போன்ற மென்பொருளில் எண்ணிக்கையைப் பொருளுக்கு மொத்தமாகவும் போடலாம், ஒவ்வொரு அளவுக்கும் நிறத்துக்கும் தனித்தனியாகவும் போடலாம். சோம்பலில் மொத்தமாக 12 என்று போட்டுவிடுகிறார்கள். நடுத்தர அளவு ஆறும் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும்; மீதி ஆறும் யாருக்கும் ஆகாத அளவுகள். தளமோ இன்னும் எல்லா அளவையும் விற்றுக்கொண்டிருக்கும். சப்பாத்து வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 7ஆம் இலக்கம் இல்லாவிட்டால் 10ஆம் இலக்கத்தைக் கொடுக்க முடியாது.

மூன்றாவது, பலருக்கும் தெரியாத விடயம். ஒருவர் கூடையில் போட்டதனால் மட்டும் அந்தச் சாமான் அவருக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. கடைசி ஒன்றை ஒரே நேரத்தில் ஐந்து பேர் தங்கள் கூடையில் வைத்திருக்கலாம். யார் முதலில் ஓடரை முடிக்கிறாரோ அவருக்கே அது. இது நியாயமான ஏற்பாடுதான். போட்டவுடனேயே பூட்டிவிட்டால், வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் கூடையில் போட்டுவிட்டு உறங்கிவிடுவார்கள், வாங்க வந்தவர் திரும்பிப் போவார். ஆனால் கூடையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தும் கணத்திலும், எண்ணிக்கையைத் தளம் மீண்டும் சரிபார்க்க வேண்டும். முடிந்துபோயிருந்தால் அந்த ஒரு சாமானை மட்டும் தெளிவாகக் குறித்துக் காட்டி, மற்றவற்றோடு தொடர விட வேண்டும். சில தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் அதை நீக்கிவிடுகின்றன. வாடிக்கையாளர் மொத்தத் தொகை ஏன் குறைந்தது என்று குழம்புகிறார். இன்னும் சில தளங்கள் கூடை முழுவதையுமே காலியாக்கிவிடுகின்றன. எட்டுச் சாமான் தேடி எடுத்தவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாரா? உங்களுக்குத் தளம் செய்து தருபவரிடம் பணத்தின் மீதியைக் கொடுக்குமுன் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: இரண்டு கைத்தொலைபேசிகளில் ஒரே கடைசிச் சாமானைக் கூடையில் போட்டு, இரண்டிலும் ஓடர் கொடுத்துப் பாருங்கள்.

வங்கி வைப்பின் மூலம் பணம் வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வூகொமர்ஸில் பணம் வராத ஓடருக்காகச் சாமானைப் பிடித்து வைக்கும் நேரம் 60 நிமிடமென்று ஆரம்பத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அட்டையால் செலுத்தத் தொடங்கி நடுவில் விட்டவர்களுக்கு அது சரி. ஆனால் வங்கி வைப்பு என்று தெரிவு செய்தவரின் ஓடர் நிறுத்தி வைக்கப்படுமே தவிர, தானாக ரத்தாவதில்லை. பற்றுச்சீட்டு அனுப்பாமல் ஒருவர் ஒரு வாரம் இருந்தால் உங்கள் சாமானும் ஒரு வாரம் முடங்கிக் கிடக்கும். இரண்டு நாள் தவணை என்று ஓடர் பக்கத்திலேயே எழுதி வைத்து, தினமும் காலையில் பார்த்து ரத்துச் செய்யுங்கள். வீட்டில் சாமானைக் கொடுத்துப் பணம் வாங்கும் முறையில் சிக்கல் வேறு விதமானது. திருப்பி அனுப்பப்பட்ட பொதி கூரியர்காரரிடம் இருக்கும்போதே, "அதுதான் வரப்போகிறதே" என்று எண்ணிக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். கைக்கு வந்து, பிரித்துப் பார்த்து, பழுதில்லை என்று கண்ட பிறகே சேர்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு தடவை தவறிவிட்டதென்று வையுங்கள். அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். மூன்று வழிகளை முன்வைத்து, எதை விரும்புகிறார் என்று அவரையே கேட்க வேண்டும்: காத்திருப்பதா, மாற்றுச் சாமானா, பணத்தைத் திருப்புவதா. கேட்காமல் வேறு நிறத்தைப் பொதியில் வைத்து அனுப்புவதை நான் வியாபாரமாகவே கருதுவதில்லை. பணத்தைத் திருப்பாமல் "அடுத்த ஓடரில் கழித்துக்கொள்வோம்" என்று தாமாகவே முடிவெடுப்பதும் அப்படித்தான்.

அமெரிக்காவில் இதற்கு 1975 முதலே விதி இருக்கிறது. தபாலில் ஓடர் எடுத்த காலத்து விதி அது. பிறகு தொலைபேசிக்கும் இணையத்துக்கும் நீண்டது. சொன்ன காலத்துக்குள் அனுப்ப முடியும் என்று நம்ப நியாயமான ஆதாரம் இருந்தால் மட்டுமே ஓடர் எடுக்கலாம். காலம் சொல்லாவிட்டால் 30 நாள் என்று கொள்ளப்படும். தாமதமானால் வாடிக்கையாளருக்கு அறிவித்து, ரத்துச் செய்து பணத்தைப் பெறும் உரிமையைக் கொடுக்க வேண்டும். 1999 கிறிஸ்மஸ் காலத்தில் இணையக் கடைகள் வந்த ஓடரையெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டு அனுப்ப முடியாமல் தவித்தன. 2000 ஜூலையில் மேசிஸ், டோய்ஸ் ஆர் அஸ் ஆகியவற்றின் இணையக் கடைகள் உட்பட ஏழு நிறுவனங்கள் மொத்தம் 15 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. கிறிஸ்மஸ் முடிந்து வரும் பொம்மை பிள்ளைக்கு எதற்கு? பெருநாள் முடிந்து வரும் உடுப்பும் அப்படியே. சீசன் காலத்தில் கடைசி ஓடர் திகதியைத் தளத்தின் மேலேயே போட்டு, அதன் பின் பெருநாளுக்கென்று ஓடர் எடுக்காமல் இருப்பதே நல்லது.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை அது தடை செய்கிறது. "இன்னும் 2 மட்டுமே" என்று களஞ்சியத்தில் இருநூறு வைத்துக்கொண்டு போடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். விலை ஏறும் என்று எதிர்பார்த்து, கையிலிருப்பதையே "ஸ்டொக் இல்லை" என்று காட்டுவதும் விளையாட்டல்ல. கைவசமுள்ள பொருளை இல்லையென்று மறுப்பதற்கும் பதுக்குவதற்கும் எதிராக அதே சட்டத்தில் ஏற்பாடுகள் உள்ளன.

சிலர் சாமானே வைத்திருப்பதில்லை. இன்னொருவருடைய கடையின் படத்தைப் போட்டு, பணம் வந்த பிறகு அங்கே போய் வாங்கி அனுப்புகிறார்கள். அங்கே முடிந்திருந்தால் இவருக்கும் இல்லை. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் இதே மாதிரியான வியாபாரத்தைப் பற்றிக் கேட்டபோது, தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது நம்மில் பலர் அறிந்த செய்தி. முன்கூட்டி ஓடர் எடுப்பதற்கு ஸலம் என்ற வழி உண்டு. அதற்கு முழு விலையும் முதலிலேயே கொடுபட வேண்டும், பொருளின் வகையும் அளவும் தெளிவாக இருக்க வேண்டும், ஒப்படைக்கும் காலம் குறிக்கப்பட வேண்டும். உங்கள் வியாபாரம் இதில் பொருந்துமா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷொபிஃபையில் சாமான் முடிந்த பின்பும் தொடர்ந்து விற்கலாமா என்பதற்கு ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் சரி அடையாளம் விழுந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வரும் திகதி கையிலிருந்தால் மட்டும் அதைத் திறந்து வையுங்கள், திகதியையும் எழுதுங்கள். எல்.சி. திறக்க 100 வீதப் பணம் வைக்க வேண்டுமென்று 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி பல பொருட்களுக்கு விதித்தபோதும், 2022 ஆகஸ்டில் பெருந்தொகைப் பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டபோதும், "அடுத்த வாரம் வரும்" என்று சொன்னவர்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். கொள்கலன் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்வரை திகதி சொல்லாதிருப்பது நல்லது.

முடிந்த சாமானின் பக்கத்தைத் தளத்திலிருந்து கழற்றிவிட வேண்டாம். மீண்டும் வரக்கூடியதானால் பக்கம் இருக்கட்டும், "கூடையில் போடு" என்ற பொத்தான் மட்டும் போகட்டும். அந்த இடத்தில் "வந்ததும் அறிவிக்கவும்" என்று தொலைபேசி இலக்கத்தைக் கேட்கும் கட்டமும், கீழே அதே விலையில் கைவசமுள்ள இரண்டு மூன்று சாமான்களின் படங்களும் வரட்டும். இலக்கம் கொடுத்தவர்களின் பட்டியலை மாதக் கடைசியில் எடுத்துப் பாருங்கள். எந்த அளவை, எந்த நிறத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த முறை மொத்த வியாபாரியிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.