வீட்டிலேயே கிடந்தால் தூக்கம் ஏன் கெடுகிறது?

சிறுநீரகக் கோளாறு, முடக்குவாதம், இதயத் தளர்ச்சி என்று மாதக்கணக்கில் வீட்டோடு இருப்பவர்கள் பலரும் சொல்வது இதுதான்: "பகலெல்லாம் கண் சொக்குது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை." நோயும் மருந்தும் இதற்குக் காரணம். வெளிச்சக் குறைவும் ஒரு காரணம். அதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்து உடலின் கடிகாரமாக இயங்குகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியுள்ள செல்கள் அந்தச் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. டியூப்லைட் எரியும் அறையில் கிடைப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம். மேகம் மூடிய வானத்தின் கீழ்கூடப் பல ஆயிரம். கண் பழகிக்கொள்வதால் இந்தப் பெரிய வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை.

எனவே கட்டிலை ஜன்னலோரம் நகர்த்துங்கள். எழுந்ததும் திண்ணையிலோ பால்கனியிலோ அரை மணி நேரம் உட்காருங்கள். காபியை அங்கேயே குடிக்கலாம். லூபஸ் உள்ளவர்களுக்கு வெயில் நோயைக் கிளப்பும் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரவில் விளக்கையும் செல்போனையும் குறைத்துவிடுங்கள். எழவே முடியாதவருக்கு, காலையில் திரைச்சீலையை விலக்கிவிடுவது வீட்டாரின் வேலை. மாத்திரை எடுத்துக் கொடுப்பதைப்போலவே அதையும் தவறாமல் செய்யுங்கள்.