மண்பானை முத்திரை

கசார்வாடிக் கடையொன்றில் சோப்போ முகப்பூச்சோ வாங்குவோர் அதன் உறையில் பச்சை இலைப் படத்தையோ, 'இயற்கையானது' என்னும் சொல்லையோ காணக்கூடும். அதற்குச் சான்று கூறுபவர் யார்? பெரும்பாலும் உற்பத்தியாளரே. சில நாடுகளில் கடைக்காரரே அடையாளம் வழங்குவதும் உண்டு. அமெரிக்காவில் செஃபோரா நிறுவனம் 2018-இல் தொடங்கிய 'கிளீன்' அடையாளம், தான் விலக்கிய சில சேர்மங்கள் அப்பொருளில் இல்லை என்பதையே குறித்தது.

இந்திய அரசு 1991-இல் வகுத்த எக்கோமார்க் திட்டத்தின் சின்னம் மண்பானை. உடைந்தால் மண்ணோடு சேர்வதாகலின் பொருத்தமான தேர்வே. அழகுப்பொருள்களும் இத்திட்டத்தில் அடங்கின. பொருள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்தை எட்டுதல் வேண்டும். புற்றுநோய் விளைக்கும் சேர்மம் கூடாது. அதனை ஆக்கும் ஆலையும் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி இசைவு பெற்றிருத்தல் வேண்டும். வாங்குவோரின் தோலை மட்டுமன்றி, ஆலையின் கழிவுநீர் சேரும் ஆற்றையும் கருதியமையே இதன் சிறப்பு.

ஆனால் முத்திரை பெறுதல் கட்டாயமன்று. நாடிய நிறுவனங்களும் மிகச் சிலவே. 2024 செப்டம்பரில் புதிய விதிகள் பழைய திட்டத்தின் இடத்தைப் பெற்றன. பொறுப்பு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினுடையது. அடுத்த மாதமே, 'பசுமை', 'இயற்கை' என விளம்பரஞ் செய்வோர் தக்க ஆதாரம் காட்டுதல் வேண்டுமென நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிகளை வெளியிட்டது. மாணவர் கொணரும் வெற்றுறைகளில் பானையைத் தேடச் செய்தால், இலைகளே மிகுதியாக அகப்படும்.