பேய் நகம் கீறிய என்ஜின்! 47 பேர் மல்லுக்கட்டிய கதை

உலக்கையால் இடித்தாலும் அரிசி மாவாகும். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றினாலும் மாவாகும். ஆனால் இடிப்பவருக்குத்தான் தோள்பட்டை கழன்றுவிடும்!

தெருவில் ஓடும் பஸ், லாரி, ஸ்கூட்டர் என்ஜின்கள் எல்லாமே உலக்கை ரகம்தான். உள்ளே பிஸ்டன் மேலே போய் நிற்கும். பிறகு கீழே வந்து நிற்கும். நிமிடத்துக்கு 7 ஆயிரம் சுற்று ஓடும் என்ஜினில், ஒரு பிஸ்டன் நிமிடத்துக்கு 14 ஆயிரம் தடவை நின்று நின்று திரும்புகிறது. அளவுக்கு மீறி விரட்டினால் போச்சு! கனெக்டிங் ராடு முறியும். வால்வு வளையும்.

குதிக்காமல் சுற்றுகிற என்ஜின் செய்தால் என்ன என்று ஒருவர் யோசித்தார். ஜெர்மனியைச் சேர்ந்த பெலிக்ஸ் வாங்கெல்தான் அவர். காலேஜ் படிப்பு கிடையாது. கார் ஓட்டும் லைசென்சுகூட வைத்திருக்காத ஆசாமி. என்.எஸ்.யு. என்ற கம்பெனியில் அவருடைய சுழல் என்ஜின் 1957-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதன்முதலாக ஓடியது.

மூன்று மூலைக் குழவி

அந்த என்ஜின் எப்படி இருக்கும்?

நிலக்கடலைக் காய் போல நடுவில் லேசாக இடுப்புச் சிறுத்த ஒரு கூடு. அதற்குள் மூன்று மூலை உள்ள ஒரு "குழவி". பெயர் ரோட்டார். ஆட்டுக்கல் குழவி மாதிரி அது ஓரமாகவே சுற்றிச் சுற்றி வருகிறது. மூன்று மூலைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே இருக்கும். மூலைக்கும் மூலைக்கும் நடுவே ஒரு அறை. ஆக மூன்று அறைகள். ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும்போது, இன்னொன்று வெடிக்கிறது. மற்றொன்று புகையைத் தள்ளுகிறது. வால்வும் இல்லை, கனெக்டிங் ராடும் இல்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. குழவி ஒரு முறை சுற்றினால், நடுவில் உள்ள தண்டு மூன்று முறை சுற்றிவிடும். தண்டு நிமிடத்துக்கு 9 ஆயிரம் சுற்று ஓடினாலும் குழவிக்கு 3 ஆயிரம் சுற்றுதான். அதனால்தான் இது வேகச் சுற்றுக்குப் பிறந்த என்ஜின். பொம்மை மாதிரி சின்னது. குதிரைச் சக்தியோ பெரிசு.

உலகமே மயங்கிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ், டைம்லர் பென்ஸ், ரோல்ஸ் ராய்ஸ் என்று பெரிய பெரிய முதலாளிகள் லைசென்சுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு நடுவே ஜப்பானில் இருந்து ஒரு சின்னக் கம்பெனியும் போய் நின்றது.

கார்க் செய்த கம்பெனி

அது ஹிரோஷிமாவில் இருந்த டோயோ கோக்யோ. இன்று மாஸ்டா என்றால் எல்லோருக்கும் தெரியும். 1920-ல் ஆரம்பித்தபோது அது செய்தது காரும் அல்ல, லாரியும் அல்ல. கார்க்! பிறகு 1931 முதல் மூன்று சக்கர வண்டிகள். அணுகுண்டு விழுந்த ஊரில் அதன் தொழிற்சாலை மலை மறைவில் தப்பியது. அரசாங்க அலுவலகமே கொஞ்ச காலம் அங்கேதான் நடந்தது.

1960-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனிக்கு வேறு வகையில் ஆபத்து வந்தது. சின்னச் சின்ன கார் கம்பெனிகளைப் பெரிய கம்பெனிகளோடு சேர்த்துவிட வேண்டும் என்பது ஜப்பானிய அரசாங்கத்தின் எண்ணம். சொந்தமாக ஒரு சரக்கு இல்லாவிட்டால், பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிவிடும்.

கம்பெனித் தலைவர் சுனேஜி மட்சுடா யோசித்தார். வேறு எவனிடமும் இல்லாத ஒரு என்ஜின் வேண்டும். 1960-ல் ஜெர்மனிக்குப் போய் என்.எஸ்.யு.வுடன் பேசி முடித்தார்.

காசைக் கொடுத்து வாங்கியாச்சு. என்ஜின் ஓட வேண்டாமா? அங்கேதான் தலைவலி.

முதலில் புகை. என்ஜின் ஆயில் உள்ளே கசிந்து எரிந்து, வண்டி வெள்ளை வெள்ளையாகக் கக்கியது. அடுத்து நடுக்கம். மெதுவாக ஓடும்போது வண்டியே உதறியது. இந்த இரண்டையும்கூடச் சமாளித்துவிடலாம். ஒரு குழவி போதாது என்று இரண்டு குழவி வைத்தார்கள். காற்று நுழையும் வாசலைப் பக்கவாட்டில் மாற்றினார்கள். நடுக்கம் அடங்கியது. ஆயில் கசியாமல் இருக்க ரப்பர் வளையத்தோடு புது சீல் போட்டார்கள்.

மூன்றாவது வியாதிதான் பொல்லாதது!

நகக்கீறல்

குழவியின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்னப் பட்டை உண்டு. நீளம் 60 மில்லிமீட்டர். ஆள்காட்டி விரல் அளவுதான். அறைக்கு அறை புகை ஒழுகாமல் அடைத்துக்கொண்டு, சுவரை உரசியபடி ஓடுவது அதன் வேலை. பெயர் அபெக்ஸ் சீல்.

கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு என்ஜினைப் பிரித்துப் பார்த்தால், பளபளவென்று குரோமியம் பூசிய சுவரில் வரிசை வரிசையாக அலை போன்ற கீறல்கள்! அந்தச் சுவர் பாழானால் என்ஜினும் பாழ். "பேயின் நகக்கீறல்" என்று என்ஜினீயர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1963 ஏப்ரலில் இதற்கென்றே தனி ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியது. தலைவர் கெனிச்சி யமமோட்டோ. போர் முடிந்து ஊர் திரும்பியபோது தங்கையை அணுகுண்டுக்குப் பறிகொடுத்திருந்தவர். படித்த என்ஜினீயராக இருந்தும், இதே தொழிற்சாலையில் மூன்று சக்கர வண்டிக்கு கியர் பெட்டி பூட்டும் தொழிலாளியாகச் சேர்ந்தவர். சுழல் என்ஜின் மீது அவருக்கே ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவரைச் சேர்த்து 47 பேர். எஜமானனுக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெயரே இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் சுழல் என்ஜின்தான் நினைப்பாக இருக்க வேண்டும் என்று யமமோட்டோ உத்தரவு போட்டார்.

பட்டையை எந்தெந்தப் பொருளிலோ செய்து பார்த்தார்கள். மாட்டு எலும்பு, குதிரை எலும்பைக்கூட விடவில்லை என்று சொல்வது உண்டு. எதற்கும் பேய் மசியவில்லை.

சாக்பீசின் கதை

கடைசியில் காரணம் புரிந்தது. கரும்பலகையில் சாக்பீசை ஒரு தினுசாகச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் கிரீச்சென்று துள்ளித் துள்ளிப் புள்ளிக்கோடு விழும் அல்லவா? அதே கதைதான்! பட்டை வழுக்கிக்கொண்டு ஓடவில்லை. தானாக அதிர்ந்து துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தியது. பட்டை போதிய கெட்டி இல்லை என்பது அல்ல கோளாறு. அதன் அதிர்வுதான் கோளாறு.

மணியில் ஓட்டை போட்டால் ஓசை மாறிவிடும். அதுபோல, பட்டைக்குள் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் துளை போட்டார்கள். அதிர்வு மாறியது. கீறல் மறைந்தது! அத்தோடு விடவில்லை. கரியையும் அலுமினியத்தையும் சேர்த்து, இன்னொரு ஜப்பானியக் கம்பெனியின் உதவியோடு புதுப் பட்டை செய்தார்கள். தானே வழுக்கிக்கொடுக்கும் பட்டை. விற்பனைக்கு வந்த காரில் இடம் பிடித்தது அதுதான்.

கார் எப்படி இருந்தது? சும்மா சொல்லக்கூடாது, ராக்கெட் மாதிரி இருந்தது! தாழ்வான, நீண்ட ஸ்போர்ட்ஸ் கார். பெயர் காஸ்மோ ஸ்போர்ட். 1964-ல் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் காட்டினார்கள். ஆனால் உடனே விற்றுவிடவில்லை. இன்னும் சோதனை, மேலும் சோதனை. 1967 மே 30-ந் தேதிதான் கடைக்கு வந்தது. இரண்டு குழவி, 982 சி.சி., 7 ஆயிரம் சுற்றில் 110 குதிரைச் சக்தி. விலை 14 லட்சத்து 80 ஆயிரம் யென். மொத்தம் செய்தது ஆயிரத்துச் சொச்சம் கார்கள்தான். லாபத்துக்கு விற்ற கார் அல்ல அது. மானத்துக்கு விற்ற கார்.

மறு ஆண்டே ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் மைதானத்தில் 84 மணி நேரம் இடைவிடாமல் ஓடும் பந்தயத்துக்கு இரண்டு கார்களை அனுப்பினார்கள். ஒன்று 82-வது மணியில் அச்சு உடைந்து நின்றது. என்ஜின் அல்ல, அச்சு! மற்றொன்று நாலாவதாக வந்தது.

பெட்ரோல் குடிக்கும் பூதம்

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. பெட்ரோல் விலை எகிறியது. சுழல் என்ஜினோ பெட்ரோலைக் குடிகாரன் மாதிரி குடிக்கும். அறை நீளமாக, சப்பையாக இருப்பதால் நெருப்பு முழுசாகப் பரவுவதில்லை. சூடும் சுவரில் வீணாகிறது. இது பிறவிக் குணம்.

அமெரிக்காவில் மாஸ்டா கார்கள் தேங்கின. ஆயிரக்கணக்கான தொழிலாளிகளைக் கார் விற்கத் தெருவுக்கு அனுப்பியது கம்பெனி. லைசென்சு வாங்கிய பெரிய முதலாளிகள் ஆளை விட்டால் போதும் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். என்.எஸ்.யு.வே 1977-ல் தன் சுழல் என்ஜின் காரை நிறுத்திவிட்டது. மாஸ்டா மட்டும் விடவில்லை. பெட்ரோல் செலவைக் குறைத்து, 1978-ல் ஆர்.எக்ஸ்.7 என்ற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கி மீண்டும் எழுந்தது. யமமோட்டோ 1984-ல் கம்பெனிக்கே தலைவரானார்.

பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும். 1991 ஜூனில் அங்கே வந்து நின்றது 787-பி. ஆரஞ்சும் பச்சையுமாக, 55-ம் நம்பர். நாலு குழவி. 9 ஆயிரம் சுற்றில் 700 குதிரைச் சக்தி. 24 மணி நேரத்துக்கு ஒரு காருக்கு 2,550 லிட்டர் பெட்ரோல்தான் என்று கணக்கு வைத்திருந்தார்கள். குடிகாரனுக்கு ரேஷன்!

இந்த முறை மூலைப் பட்டை பீங்கான் இனத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு குழவிக்கும் மூன்று ஸ்பார்க் பிளக். காற்றை உறிஞ்சும் குழாய், வேகத்துக்குத் தக்கபடி நீண்டு குறுகும்.

19-வது இடத்தில் புறப்பட்ட கார். முன்னால் ஓடிய மெர்சிடிஸ், பந்தயம் முடிய சுமார் 3 மணி நேரம் இருக்கும்போது சூடேறிப் படுத்துவிட்டது. 55-ம் நம்பர் முன்னேறியது. விடவே இல்லை! ஜாகுவார் கார்கள் 2, 3, 4-ம் இடத்தோடு நின்றன. கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட், இறங்கியதும் உடம்பில் நீர் வற்றி மயங்கிச் சாய்ந்தார். வெற்றி மேடைக்குக்கூட வர முடியவில்லை. ஜப்பானியக் கம்பெனி ஒன்று லெ மானில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது கம்பெனியாக டொயோட்டா ஜெயிக்க 2018 வரை ஆனது.

ஜெயித்ததால்தான் இந்த என்ஜினைத் தடை செய்தார்கள் என்று ஒரு கதை ஓடுகிறது. அது சரியல்ல. 3.5 லிட்டர் பிஸ்டன் என்ஜின்தான் வர வேண்டும் என்ற புது விதி முன்கூட்டியே எழுதிவைத்தது.

இன்றும் பழைய ஆர்.எக்ஸ்.7-ஐ வாங்கி, என்ஜினைத் தாங்களே பிரித்துக் கட்டும் பித்தர்கள் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. குழவியைச் சுரண்டி எடையைக் குறைப்பார்கள். தராசில் வைத்துச் சமன் செய்வார்கள். காற்று வாசலை அரம் போட்டு அகலமாக்குவார்கள். அப்படிச் செய்த என்ஜின், சும்மா நிற்கும்போது "படபட"வென்று விக்கும். விரட்டினால் அலறும். ஆனால் வேகம் கூடக்கூடத் தண்டு வளையப் பார்க்கும். மூலைப் பட்டை முன்னைவிட அழுத்தமாகச் சுவரை உரசும். அங்கே கஞ்சத்தனம் பண்ணினால் பட்டை நொறுங்கும். பட்டை நொறுங்கினால் குழவியும் சுவரும் சேர்ந்து போகும்.

ஆர்.எக்ஸ்.8 கார் 2012-ல் நின்றதோடு இந்த என்ஜின் கதையும் முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். யமமோட்டோ 2017-ல் தமது 95-வது வயதில் காலமானார்.

ஆனால் 2023-ல் அது வேறு வேஷத்தில் வந்தது. எம்.எக்ஸ்.30 என்ற மின்சாரக் காருக்குள் ஒற்றைக் குழவி என்ஜின்! அது சக்கரத்தைச் சுற்றாது. பாட்டரிக்குக் கரண்டு தயார் செய்யும், அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் சுழல் என்ஜினுக்கென்று மறுபடியும் தனிப் பிரிவு தொடங்கினார்கள். இந்தத் தடவை 36 என்ஜினீயர்கள்.

புது என்ஜினில் அவர்கள் மாற்றிய சங்கதிகளில் ஒன்று, அதே மூலைப் பட்டை. 2 மில்லிமீட்டர் கனமாக இருந்ததை இரண்டரை மில்லிமீட்டர் ஆக்கியிருக்கிறார்கள்.