மிச்சம் எந்தப் பக்கம் போகிறது?

கணக்கு பொய் சொல்லாது என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. பிரதிகளை எல்லாம் சந்தேகித்துப் பழகிய நாமும் எண்ணைக் கண்டதும் கைகட்டி நின்றுவிடுகிறோம். ஆனால், பைத்தான் என்கிற புரோகிராம் மொழியிடம் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் அது தருவது 0.3 அல்ல, 0.30000000000000004. இது எந்திரக் கோளாறு இல்லை. இந்த வகை எண்களில் கணினிக்குப் பின்னத்தைப் பாதி, பாதியில் பாதி என்றுதான் பிரிக்கத் தெரியும். அரை, கால், அரைக்கால், வீசம் அதற்கு முழுசாகப் பிடிபடும். பத்தில் ஒன்று பிடிபடாது. தசமத்தில் மூன்றில் ஒன்றை எழுதப்போனால் 0.333 என்று முடிவில்லாமல் ஓடுமே, அந்த மாதிரி. எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

2004-இல் பைத்தானுக்குள் வந்த ‘டெசிமல்’ இதற்கொரு மாற்று. எண்ணைத் தசமமாகவே வைத்துக் கூட்டுவதால் 0.3 என்றால் 0.3தான். ஒரு நிபந்தனை: 0.1 என்பதை மேற்கோள்குறிக்குள், எழுத்தாகத் தரவேண்டும். வெறும் எண்ணாகத் தந்தால், ஏற்கெனவே பிசகிப்போன 0.1-ஐ அது சிரத்தையாகப் பிரதியெடுக்கும்.

அத்தோடு தீர்ந்ததா? தீரவில்லை. மூன்றில் ஒன்று டெசிமலுக்கும் அடங்காது. வேறு கட்டளை இல்லாவிட்டால் 28 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். தசமத்திலும் வெட்டு உண்டு. அந்த வெட்டு என்ன செய்யும் என்பதற்கு, டெசிமல் வருவதற்கு வெகுமுன்பே கனடாவில் ஒரு சாட்சி இருக்கிறது. வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 என்று ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஒவ்வொரு முறை அதைக் கணக்கிட்டபோதும் மூன்று தசம இடங்களுக்கு அப்பால் இருந்ததை வெட்டி எறிந்தார்கள். ஒரு வெட்டில் போனது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான வெட்டுகள். 1983 நவம்பரில் எண் 524.811-க்கு இறங்கியிருந்தது. சரியாகக் கணக்கிட்டபோது 1098.892! ஏறியிருந்த சந்தை, பாதியாய்ச் சரிந்ததாகக் காட்டப்பட்டிருந்தது.

ஆக, வெட்டுவதா, பக்கத்து எண்ணுக்குத் தள்ளுவதா, சரிபாதி வந்தால் எந்தப் பக்கம் என்பதெல்லாம் கணிதத்தின் கட்டாயங்கள் அல்ல, தேர்வுகள். 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் பள்ளிக்கூடக் கணக்கு 3 என்கும். டெசிமல், தன்போக்கில் விட்டால், இரட்டைப்படைப் பக்கம் சாய்ந்து 2 என்கும். எப்போதும் மேலேயே தள்ளினால் பிசகு ஒரே பக்கமாகச் சேரும் என்பது அதன் நியாயம். எந்த விதி வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதிவைக்கவும் அதில் இடமிருக்கிறது. துல்லியத்தைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஒளிந்திருந்த முடிவு வாசிக்கக் கூடிய ஒரு வரியாகிறது.

கூலிப் பட்டியலும் வட்டிக் கணக்கும் இன்று புரோகிராம்கள்தாம். கூலி எவ்வளவு என்று கேட்கும் சங்கம், பைசாவின் மிச்சம் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது, அந்த விதியை எழுதியது யார் என்றும் கேட்டாக வேண்டும்.